சிவப்பு லேபிள் தாத்தா

தொப்பையை மாடிக்கு வரச் சொன்னார்கள்.

அந்தப் பார்சல் கிடங்கில் மாடிக்குப் போனவர் இறங்கி வரும்போது கையில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே அவருடைய டிபன் டப்பா, குடை, பழைய செருப்பு. பத்து வருட உழைப்பை அடைக்கப் பெரிய பெட்டி தேவைப்படாது என்பதால் நிறுவனம் நடுத்தர அளவுப் பெட்டிதான் கொடுக்கும்.

அதனால் தொப்பை தன் ஃபோர்க்லிஃப்ட்டை ஓரங்கட்டிச் சாவியை உருவியபோது, கன்வேயர் பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் பார்சல்களை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள். பார்சல்களில் பார்க்க ஒன்றுமில்லை.

லேபிள் ஒட்டும் அக்கா மட்டும் தலை நிமிர்ந்தார்.

"லீவு விஷயமா இருக்கும், தம்பி. தைரியமா போ." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுக்கும் டிபன் டப்பாவை எங்கிட்ட குடுத்துட்டுப் போ. அவங்க பெட்டியில போட்டா மூடி நசுங்கிடும்" என்றார்.

லீவு விஷயம் இதுதான். தொப்பையின் மகளுக்கு ஆறு வயது. காது சரியாகக் கேட்காது. எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். வெள்ளிக்கிழமை காலை காதில் ஆபரேஷன். டாக்டர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். உள்ளே எல்லோரும் முகமூடியோடு இருப்பார்கள், குழந்தைக்கு ஒருவர் வாயும் தெரியாது, மிரண்டுவிடும். மயக்க மருந்து வேலை செய்யும்வரை கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் பெற்றவர்களில் ஒருவர் முகமூடி இல்லாமல் நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

மனைவி அன்றைக்கே கையை விரித்துவிட்டாள். "நான் வாயைத் திறந்தா அழுகைதான் வரும். அதைப் பாத்து அவ என்னன்னு புரிஞ்சுக்குவா? நீங்கதான் நிக்கணும்."

ஆகவே தொப்பைக்கு ஒரே ஒரு வெள்ளிக்கிழமை தேவைப்பட்டது. காலமோ வருடக் கடைசி. உலகமே உலகத்துக்குப் பரிசு அனுப்பிக்கொண்டிருந்தது. நிறுவனம் இதை உச்சக் காலம் என்று அழைத்தது. உச்சக் காலத்தில் லீவு கேட்பது எரிகிற வீட்டில் பீடிக்கு நெருப்புக் கேட்பதைப் போல என்று மனிதவள மேலாளர் ஒரு கூட்டத்தில் பேசியிருந்தார். வீடு எரிகிறது என்பதை நிர்வாகம் ஒப்புக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

மாடி அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் அந்த மனிதவள மேலாளர், எல்லோருக்கும் மேடம். துக்கச் செய்தி சொல்லும்போது மட்டும் சிரிக்கும் பழக்கம் உள்ளவர். வலப்பக்கம் நிறுவனத்தின் வக்கீல். இடப்பக்கம் பாதுகாப்பு அதிகாரி. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், பேச்சு ஓடாதபோது அதை ஊதுவார், ஆகவே பெயரும் விசில். சுவரில் புதிதாக ஒரு பலகை: 'கிறிஸ்துமஸ் தாத்தா வருகை ஒருங்கிணைப்புக் குழு'.

மேடம் சிரிக்கவில்லை. தொப்பைக்கு உயிர் வந்தது.

மூவரும் அவன் முகத்தைப் பார்க்காமல் அதற்குக் கீழே பார்த்தார்கள். விசில் எழுந்து வந்து அவன் வயிற்றை நாடாவால் அளந்து, "இயற்கையானதுதான்" என்றார்.

வக்கீல் திருப்தியோடு தலையாட்டினார். விஷயம் மெதுவாக வெளியே வந்தது. ஊழியர்களின் குழந்தைகளுக்காகப் புதன்கிழமை மாலை விழா. தாத்தா வர வேண்டும். தாத்தாவுக்கு வயிறு வேண்டும். வயிற்றுக்குத் தலையணை வாங்கலாமென்றால் கொள்முதல் பிரிவு மூன்று கடைகளில் விலை கேட்டு, மிகக் குறைந்த விலைக்கு மிகத் தட்டையான தலையணையைத் தேர்ந்தெடுத்திருந்தது. அப்போதுதான் மேடம், நிறுவனத்திடம் ஏற்கனவே ஒரு வயிறு இருப்பதைக் கவனித்தார். சொந்தமாக இருப்பதை வெளியில் வாங்குவது வீண்செலவு.

"விழா முடியற வரைக்கும் அதைக் குறைச்சிடக் கூடாது. நிறுவனம் அதை நம்பியிருக்கு" என்று வக்கீல் எச்சரித்தார்.

தொப்பைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "மேடம், என் லீவு…" என்று இழுத்தான்.

"அதைத்தான் பேசிட்டிருக்கோம். நீங்க தாத்தாவா வந்தா, வெள்ளிக்கிழமை லீவு உங்களுது."

பிள்ளைக்காகப் பேயாக வரச் சொன்னாலும் அவன் வந்திருப்பான். சரியென்று தலையாட்டினான். கையில் பெட்டி இல்லாமல் மாடியிலிருந்து இறங்கிய அவனைப் பார்த்துக் கிடங்கே மூச்சு விட்டது.

லேபிள் அக்கா டிபன் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். "சும்மா லீவு குடுத்துட்டா அவங்களுக்குத் தூக்கம் வராது, தம்பி. எதையாவது வாங்கிட்டுத்தான் குடுப்பாங்க. உங்கிட்ட வயித்தை வாங்கிட்டாங்க."

*

ஒத்திகைகள் தொடங்கின. தாத்தா வேஷத்துக்கு ஏன் ஒத்திகை, அதுவும் வக்கீல் முன்னால் ஏன் என்பது முதல் நாளே விளங்கியது.

போன வருடம் தாத்தாவாக வந்தவர் ஒரு வேன் டிரைவர். இளகிய மனிதர். ஒரு பையன் மடியில் உட்கார்ந்து கண் கலங்கியதும், "அழாத கண்ணு, இனிமே உங்கப்பா ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பாரு" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். பையனின் அப்பா அதைப் போனில் படம் பிடித்திருந்தார். நேரே தொழிலாளர் நீதிமன்றம் போனார். நிறுவனத்தின் மேடையில், நிறுவனத்தின் மைக்கில், நிறுவனம் நியமித்த தாத்தா தந்த வாக்கு நிறுவனத்தின் வாக்கே என்று தீர்ப்பாயிற்று. அந்தக் கிடங்கில் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும் ஒரே மனிதர் அந்த அப்பாதான். மற்றவர்கள் அவரைக் காணப் வேறு ஷிஃப்டிலிருந்தெல்லாம் வருவார்கள்.

இந்தக் கதையைச் சொன்னபோது வக்கீலின் குரல் கம்மியது. இனி எந்தத் தாத்தாவும் எந்தக் குழந்தைக்கும் எதையும் தரப்போவதாகச் சொல்லக் கூடாது. பல நாள் உழைத்து அவர் மூன்று வாக்கியங்களைத் தயாரித்திருந்தார். ஒன்று, வணக்கம் குழந்தையே. இரண்டு, உன் விருப்பம் கவனத்தில் கொள்ளப்பட்டது. மூன்றாவது, ஹோ.

"ஒரு ஹோ மட்டுமா சார்?" என்று கேட்டான் தொப்பை.

"ஒண்ணுன்னா சிரிப்பு. மூணுன்னா ஊழியரோட குறையைக் கேட்டு நிர்வாகம் எகத்தாளம் பண்ணுதுன்னு வாதாடலாம். ரிஸ்க் வேண்டாம்."

தாடியும் சட்டப்படி தைக்கப்பட்டது. மூக்குக்குக் கீழே தொடங்கி மார்பு வரை அடர்த்தியாக, உதடு ஒரு நூல்கூடத் தெரியாதபடி. வாய் தெரிந்தால் படத்தைப் பார்த்து என்ன பேசினார் என்று நிரூபித்துவிடுவார்கள் என்பது வக்கீலின் கணிப்பு. தாத்தா யார் என்பதை வீட்டிலும் சொல்லக் கூடாது, சொன்னால் லீவு போய்விடும்.

அடுத்த சிக்கலைக் கிளப்பியது கைக் கருவி. கீழ்த்தளத்தில் வேலை செய்யும் எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு கருவி கட்டியிருக்கும். கொஞ்சம் சும்மா நின்றால் முனகும்; இன்னும் நின்றால் 'சோம்பல்' என்று பதிந்துவிடும். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்து குழந்தைகளோடு பேசினால், தொப்பையின் பெயரில் கிடங்கின் வரலாறு காணாத சோம்பல் பதிவாகும். மேடத்தின் மாதக் கணக்கு சரியும். கருவியைக் கழற்றினாலோ, கருவி இல்லாத ஊழியரைக் கதவு உள்ளே விடாது. உச்சக் காலத்தில் விழாவுக்கு வரும் குடும்பங்களைத் தவிர வேறு வெளியாளுக்கும் அனுமதி இல்லை.

குழு மண்டையைப் பிய்த்துக்கொண்டது. தீர்வு விசிலிடமிருந்து வந்தது.

"நம்ம கதவுக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு, மேடம். ஒண்ணு ஊழியர், இன்னொண்ணு பார்சல். இவர் ஊழியரா வர முடியாது. பார்சலா வரட்டும்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் கண்ணை மூடி யோசித்தார். பார்சலுக்குக் காப்பீடு உண்டு, சங்கம் கிடையாது, சோம்பல் கிடையாது. அவர் முகம் மலர்ந்தது. தொப்பையை ஊழியர் பட்டியலிலிருந்து தற்காலிகமாக இறக்கினார்கள். புதன்கிழமை உள்ளே வர வேண்டிய சரக்கில் ஒரு பார்சல் கூடிற்று. பொருள்: தாத்தா. தன்மை: கவிழ்க்கக் கூடாது.

பார்சலாவது அவமானம் என்று தொப்பை நினைக்கவில்லை. அந்தக் கிடங்கில் பார்சலுக்கு இருக்கும் மரியாதை அவனுக்குத் தெரியும். முக்கியமாகச் சிவப்பு லேபிள் பார்சல். அவசர அனுப்புதல். அது வரும்போது எல்லோரும் விலகி வழி விட வேண்டும்; தடுத்தவர் யாராயிருந்தாலும் தாமதத்துக்கான அபராதம் அவர் சொந்தச் சம்பளத்திலிருந்து. ஒருமுறை நிறுவனத்தின் தலைவரான பெரியவரே சுற்றிப் பார்க்க வந்தபோது சிவப்பு லேபிள் வண்டி ஒன்று வேகமாக வந்துவிட்டது. அவர் பல்லியைப் போலச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அந்தப் புகைப்படம் பெரிதாக்கப்பட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் தொங்குகிறது. கீழே எழுதியிருப்பது: 'தன் விதிக்குத் தானே பணிந்த தலைவர்'.

*

புதன்கிழமை. விழா.

அடுக்குகளுக்கு நடுவே காகிதத் தோரணங்கள். குழந்தைகளை மரப் பலகைகளின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். விழாவுக்காக பெல்ட்டை நிறுத்தலாமா என்ற கேள்வியே எழவில்லை. வேகத்தை மட்டும் சற்றுக் குறைத்திருந்தார்கள், மரியாதைக்காக. ஷிஃப்டில் இருந்த அம்மாக்களும் அப்பாக்களும் பெல்ட்டோரம் நின்று பார்சல்களைத் தள்ளியபடியே தூரத்திலிருந்து பிள்ளைகளுக்குக் கையசைத்தார்கள். கையசைத்தது கருவியில் சோம்பலாகப் பதிந்தது.

முன்வரிசையில் தொப்பையின் மனைவியும் மகளும். அப்பா ஏன் வரவில்லை என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தான் கேட்பது தனக்கே சரியாகக் கேட்காததால் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். வேலை இருக்கிறதென்று வாயசைத்துச் சொன்னாள் மனைவி.

பெரியவர் பேசினார். நல்ல சட்டை, நல்ல குரல்.

"நம் நிறுவனம் ஒரு குடும்பம். குடும்பத்தில் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆகவே இந்த முறை பரிசுகளைப் பெற்றோரின் வேகத்தை வைத்துத் தீர்மானித்திருக்கிறோம். வேகமான அப்பாவின் குழந்தைக்குப் பெரிய பொம்மை. நிதானமான அம்மாவின் குழந்தைக்குப் பென்சில். பென்சில் கிடைத்த குழந்தைகள் அழ வேண்டாம். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஏன் என்று கேளுங்கள். அந்தக் கேள்விதான் உங்களுக்கு நாங்கள் தரும் உண்மையான பரிசு."

மேடம் முதலில் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்; தட்டியதும் சோம்பலாகவே பதிந்தது.

பிறகு பெல்ட்டின் முனையில் தொங்கிய ரப்பர் திரை விலகியது. தாத்தா உட்கார்ந்த நிலையில் மெல்ல வந்துகொண்டிருந்தார். நுழைவாயில் கருவி அவரை எடை போட்டு நெற்றியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'அதிக எடை. இருவர் தூக்கவும்'. விசில் விசிலை ஊதினார். இருவர் வந்து தூக்கினார்கள். குழந்தைகளின் ஆரவாரத்தில் கூரைத் தகடு அதிர்ந்தது. அந்தக் கட்டடத்தில் அது அதற்குமுன் எழாத சத்தம்.

வரிசை நகர்ந்தது. வணக்கம் குழந்தையே. உன் விருப்பம் கவனத்தில் கொள்ளப்பட்டது. ஹோ. எதிரே நின்ற வக்கீல் விரல்களால் ஒன்று, இரண்டு, மூன்று என்று காட்டிக்கொண்டிருந்தார். ஒரு பையன் நாய்க்குட்டி கேட்டான், கவனத்தில் கொள்ளப்பட்டது. ஒரு பெண் தங்கச்சி கேட்டாள், கவனத்தில் கொள்ளப்பட்டது.

அடுத்தது மகள்.

தொப்பையின் வேகக் கணக்கில் ஒத்திகை நாட்கள் பூஜ்யமாக விழுந்திருந்ததால் அவளுக்குப் பென்சில்கூட இல்லை. பார்சல் ஒட்டும் டேப் ஒரு சுருள் கொடுத்தார்கள். அவள் அதை வளையலாகக் கையில் போட்டுக்கொண்டு மடியில் ஏறினாள். மைக் பக்கத்திலேயே இருந்தது. அவள் குரலுக்கு மைக் தேவையில்லை.

"தாத்தா, எங்கப்பாவுக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுங்க. எனக்கு மயக்கம் போடுறப்ப அப்பா வாய் தெரியணும்."

பெல்ட் மட்டும் ஓடியது. வக்கீல் இரண்டு விரலைக் காட்டினார்.

"உன் விருப்பம் கவனத்தில் கொள்ளப்பட்டது" என்றார் தாத்தா.

மகள் அந்தத் தாடியையே பார்த்தாள். பஞ்சு லேசாக அசைந்தது, அவ்வளவுதான். "என்ன சொன்னீங்க?" என்றாள். தாத்தா மறுபடி சொன்னார். அவள் இன்னும் நெருங்கி, விரலால் பஞ்சுக்குள் துழாவிப் பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"தாத்தாவுக்கு வாயே இல்லம்மா."

தொப்பை அதுவரை கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. சம்பளம் குறைந்தபோது பட்டதில்லை, வயிற்றை அளந்தபோது பட்டதில்லை, பார்சலாக்கியபோது பட்டதில்லை. இப்போது அடிவயிற்றிலிருந்து, நிறுவனம் தன் சொத்து என்று எண்ணியிருந்த அதே வயிற்றிலிருந்து, சூடாக ஏதோ மேலே ஏறியது. காதோரக் கொக்கியைப் பிடித்து இழுத்தான். தாடி மார்பில் தொங்கியது.

"வருவேன்" என்றான், வாயை நன்றாகத் திறந்து, நிதானமாக. "அப்பா வருவேன். கதவுகிட்டயே நிப்பேன்."

மகள் அவன் உதட்டைப் பார்த்தாள். பிறகு முகத்தை. "நீயா தாத்தா?" என்றாள், கண்டுபிடித்த சந்தோஷத்தில்.

வக்கீல் கேமராவை அணைக்கச் சொல்லி ஓடினார். அதற்குள் அடுத்த குழந்தை மடியில் ஏறிவிட்டது. பென்சில் வாங்கிய குழந்தை. "தொப்பை மாமா, எங்கம்மா எப்ப வீட்டுக்கு வருவாங்க?"

அதற்கு அந்த மூன்று வாக்கியங்களில் பதில் இல்லை. தொப்பை மைக்கை எடுத்து மேடைப் பக்கம் திரும்பினான்.

"இந்தப் புள்ளை அவங்கம்மா எப்ப வீட்டுக்கு வருவாங்கன்னு கேக்குது. எனக்குத் தெரியல. மேல உக்காந்திருக்கறவங்க யாராவது சொல்லுங்க."

பெரியவர் புன்னகை மாறாமல் எழுந்தார். நல்ல கேள்வி என்றார். இதை ஆராய ஒரு குழு அமைக்கப்படும் என்றார். எந்தக் குழந்தையும் கைதட்டவில்லை. அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் விசிலைப் பார்க்க, விசில் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். ஊதினார். விழா முடிந்தது. விருந்தினர் கார்களுக்காகத் திறந்திருந்த பெரிய கதவு வழியே குடும்பங்கள் வெளியேறின. தாடி தொங்கிய தாத்தாவும் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தோடு வெளியேறினார்.

அந்தக் களேபரத்தில் ஒரு காரியத்தை எல்லோரும் மறந்தார்கள். உள்ளே வந்த பார்சலை யாரும் வெளியே அனுப்பியதாகப் பதியவில்லை.

*

மறுநாள் வியாழன், இரவு ஷிஃப்ட். கதவில் கைக் கருவியை வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. தொப்பை ஊழியர் பட்டியலிலேயே இல்லை. விசில் வந்து கதவைக் கையால் தள்ளித் திறந்துவிட்டார்.

"வேலை செய்ய வர்றவங்களை நிறுத்தக் கூடாதுன்னு ஆர்டர். போங்க."

விடியும்வரை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். ஷிஃப்ட் முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரி என்பது திட்டம். மனைவியும் மகளும் முன்னாலேயே போயிருந்தார்கள். காலையில் கதவுக்கு வந்தான். சிவப்பு.

"திறங்க சார். இன்னிக்கு ஆபரேஷன்."

"உள்ள விடறதுக்குத்தான் ஆர்டர். வெளிய விடறதுக்குப் பச்சை எரியணும்" என்றார் விசில். "மாடிக்குப் போங்க. உங்களுக்கு விசாரணை வெச்சிருக்காங்க."

மாடி அறையில் அதே மேஜை. பலகை மட்டும் மாறியிருந்தது: 'கிறிஸ்துமஸ் தாத்தா நடத்தை விசாரணைக் குழு'. மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். நடுத்தர அளவுப் பெட்டி ஒன்று மேஜைமேல் தயாராக இருந்தது.

வக்கீல்தான் குழம்பியிருந்தார். "வருவேன்" என்று சொன்னது யாரென்று கேட்டார். ஊழியர் சொன்னதென்றால் ஒழுங்கு மீறல். தாத்தா சொன்னதென்றால் மறுபடியும் நிறுவனத்தின் வாக்கு, மறுபடியும் நீதிமன்றம். பார்சல் சொன்னதென்றால், பார்சல் பேசாது.

"அப்பா சொன்னது, சார்."

"அந்த இனம் நம்ம கணக்குல இல்ல" என்றார் வக்கீல்.

வெள்ளிக்கிழமை லீவு தருவதாகச் சொன்னீர்களே என்று தொப்பை மேடத்திடம் கேட்டான். மேடம் திரையைத் திருப்பிக் காட்டினார். புதன்கிழமை முதல் அவன் வருகைக் கட்டம் காலி.

"வேலைக்கே வராதவருக்கு எப்படிங்க லீவு தர்றது?"

"ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிட்டு வர்றேன், மேடம்."

"கணக்குல இல்லையே. உண்மையைச் சொல்லணும்னா உங்களை நீக்கறதுக்குத்தான் கூப்பிட்டோம். நீக்கணும்னா நீங்க முதல்ல வேலையில இருக்கணும். அது தெரியாம பெட்டியை வேற எடுத்து வெச்சுட்டோம்."

"சரி, நான் வேலையில இல்ல. அப்ப என்னை வெளிய விடுங்க."

"வெளிய போக நீங்க உள்ள வந்திருக்கணும்" என்றார் வக்கீல் பொறுமையாக. "நீங்க உள்ள வரவே இல்ல. புதன்கிழமை வந்தது ஒரு பார்சல். அது இன்னும் உள்ளதான் இருக்கு. அது யாருக்குப் போகணும்னு விலாசம்கூட இல்ல. அதைப் பத்தித் தனியா விசாரிக்கணும்."

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவி. பிள்ளையை உள்ளே கூட்டிப் போகப் போகிறார்களாம், எங்கே இருக்கிறீர்கள் என்றாள். பின்னணியில் மகளின் குரல், அப்பா எங்கே என்று, ஆஸ்பத்திரி முழுவதற்கும் கேட்கும்படி.

தொப்பை மேஜையைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். புரட்டிப்போட அவன் கையில் பலம் இருந்தது; வண்டியைக் கொண்டுவந்து கதவையே பெயர்க்கவும் அவனுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு, "அந்தப் பார்சலுக்கு விலாசம் இருந்தா?" என்று கேட்டான்.

"இருந்தா போயே ஆகணும். ஏற்கனவே ரெண்டு நாள் தேங்கிடுச்சு. ஏன்?"

தொப்பை அதற்குள் படிகளில் இறங்கினான். பெல்ட்டோரம் நேரே லேபிள் அக்காவிடம் போனான்.

"அக்கா, என்னை அனுப்பு."

அக்கா ஒரு விநாடி அவன் முகத்தைப் பார்த்தார். தன் கணினித் திரையில் தாத்தா பார்சலைத் தேடிப் பிடித்தார். பெறுநர் என்ற இடத்தில் மகளின் பெயர், விலாசத்தில் ஆஸ்பத்திரி, ஆபரேஷன் பிரிவு. அச்சு இயந்திரம் ஒரு சிவப்பு லேபிளைத் துப்பியது. அதை அவன் மார்பில் வைத்து உள்ளங்கையால் ஓங்கி அறைந்து ஒட்டினார். அந்த அடியில் இரண்டு பேரின் கோபம் இருந்தது.

"குனியாத, தம்பி. கோடு மடங்கினா கதவு படிக்காது."

பெல்ட்டின் இரு பக்கமும் நின்றவர்கள் இப்போது பார்சல்களைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார்கள். ஒவ்வொரு மணிக்கட்டாக முனகத் தொடங்கியது. யாரும் கையை அசைக்கவில்லை.

கதவில் விசில் குறுக்கே நின்றார். மாடிப்படியில் மேடமும் வக்கீலும் இறங்கி ஓடி வந்தார்கள். "நிறுத்துங்க அவரை" என்றார் மேடம். தொப்பை நெஞ்சை நிமிர்த்திக் கதவுக் கருவியின் முன்னால் நின்றான்.

பச்சை.

"யாரு நிறுத்தப்போறீங்க?" என்றான். "சிவப்பு லேபிள். நிறுத்தினவங்க பேரைச் சொல்லுங்க. அக்கா பதிஞ்சுக்குவாங்க."

மேடம் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் லேபிளைப் பார்த்தார். அபராதம் சொந்தச் சம்பளத்திலிருந்து என்ற விதியை எழுதியவரே அவர்தான். மெல்ல நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். மேடம் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். விசில் என்ன செய்வதென்று தெரியாமல் விசிலை ஊதினார். வழி விடச் சொல்லும் ஊதல். வாசலில் காத்திருந்த டெலிவரி வேனின் கதவு திறந்தது.

*

டிரைவர் விதிப்படி நடந்துகொண்டார். ஆபரேஷன் பிரிவு வரை கூடவே வந்து, சக்கரக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெறுநரிடம் கருவியை நீட்டிக் கையெழுத்து கேட்டார். மகள் விரலால் ஒரு பூனை வரைந்தாள். அது ஏற்கப்பட்டது.

கட்டில் உள்ளே போனது. பச்சை உடைகள், முகமூடிகள், ஒருவருக்கும் வாய் இல்லை. மகள் மிரண்டு தலையைத் திருப்பினாள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், மார்பில் சிவப்பு லேபிளோடு, அப்பாவின் வாய் பேசிக்கொண்டிருந்தது. பூனையைப் பற்றி. பெல்ட்டில் உட்கார்ந்து வந்த தாத்தாவைப் பற்றி. பக்கத்தில் மனைவி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். மகள் வாயை மட்டும் பார்த்தாள். சிரித்தாள். கண் சொருகியது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அவன் பேச்சை நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை கிடங்கின் அறிவிப்புப் பலகையில் நிர்வாகத்தின் மகிழ்ச்சி ஒட்டப்பட்டிருந்தது. உச்சக் காலத்தின் மிகச் சிறந்த அவசர அனுப்புதலாக வெள்ளிக்கிழமையின் ஆஸ்பத்திரிப் பார்சல் தேர்வாகியிருக்கிறது. உடையாமல், நசுங்காமல், குறித்த நேரத்துக்கு முன்பே பெறுநரிடம் சேர்ந்தது. வழிவிட்ட பாதுகாப்பு அதிகாரிக்கும், மேற்பார்வை செய்த மனிதவள மேலாளருக்கும், சட்ட ஆலோசகருக்கும் ஆளுக்கொரு கேடயம்.

பார்சலுக்கு ஒரு நாள் சம்பளம் பிடித்தம்.